இயந்திரங்களை ஆளும் மென்பொருளும் அதன் காவலும்

திருப்பதி மாவட்டத்தின் கிழக்கெல்லையில், பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே அமைந்துள்ளது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் காலை அங்கே ஒரு சோதனை ஏவுகலம் புறப்பட ஆயத்தமாக நின்றது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தில், ஆபத்து நேரிடின் வீரர்கள் அமரும் கூண்டை ஏவுகலத்திலிருந்து பிரித்துக் காக்கும் அமைப்பைச் சோதிப்பதே அதன் நோக்கம். புறப்படுவதற்கு ஐந்து விநாடிகளே எஞ்சியிருந்தபோது, ஏவுதலை நடத்திக்கொண்டிருந்த கணிப்பொறி அதனைத் தானாகவே நிறுத்திவிட்டது. கண்காணிப்பில் தோன்றிய ஒரு முரண்பாடே அதற்குக் காரணம். விஞ்ஞானிகள் அதனை ஆராய்ந்து சரிசெய்தபின், காலை 10 மணிக்கு ஏவுகலம் எழும்பிற்று, சோதனையும் வெற்றியுற்றது.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கற்பாலது ஒன்று உண்டு. கணிப்பொறிக்கு அச்சமோ முன்யோசனையோ கிடையாது. “இன்ன அளவு இவ்வெல்லையைக் கடந்தால் நிறுத்துக” என்று மனிதர் முன்கூட்டிச் சிந்தித்து எழுதிவைத்த கட்டளையையே அது நிறைவேற்றிற்று. இதனினின்று மற்றோர் உண்மையும் பெறப்படும். இயந்திரத்தை ஆளும் கட்டளைத் தொடரில் ஒரு வரியை ஒருவர் உரிமையின்றி நீக்கிவிட்டாலும், ஓர் எல்லை எண்ணை மாற்றிவிட்டாலும், இயந்திரம் அதற்கும் அதே கீழ்ப்படிதலுடன் பணிந்துவிடும். எழுதியவர் யார், அவருக்கு உரிமை உண்டா என்பதை அது தானாக அறியாது. ஆகவே அக்கட்டளைத் தொடரை, அதாவது கட்டுப்பாட்டு மென்பொருளை, அந்நியர் கையினின்றும் முறையற்ற மாற்றத்தினின்றும் காப்பது இன்று தொழிற்சாலைகளுக்கும் நீர் வழங்கும் இலாகாக்களுக்கும் இன்றியமையாத கடமையாகிவிட்டது.

கட்டுப்பாட்டுக் கருவி என்பது யாது?

ஏவுதளத்துக் கணிப்பொறி மிகப் பெரிய அமைப்பின் ஒரு பகுதி. ஆனால் அதே தத்துவத்தில் இயங்கும் சிறு கருவிகள் சித்தூர், திருப்பதி மாவட்டங்களெங்கும் உள்ளன. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையின் ஆலைகள், மின்கலத் தொழிற்சாலைகள், பால் பதனிடும் நிலையங்கள், குடிநீர் ஏற்று நிலையங்கள் போன்ற இடங்களில் சுவரோரத்து இரும்புப் பெட்டியினுள் இருந்து மோட்டாரையும் வால்வையும் ஆள்வது பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவியே.

முற்காலத்தில் இவ்வேலையை நூற்றுக்கணக்கான ரிலேக்கள் செய்துவந்தன. வேலைமுறையை மாற்ற வேண்டுமானால் கம்பிகளையெல்லாம் அவிழ்த்து மீண்டும் இணைக்க வேண்டும். இத்தொல்லையைப் போக்கவே, 1968-69-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மோட்டார் வாகன ஆலைகளின் தேவையை முன்னிட்டு, மோடிகான் 084 என்ற முதற் கருவிகளுள் ஒன்று ஆக்கப்பட்டது. கம்பியை மாற்றுவதற்குப் பதிலாகக் கட்டளையை மாற்றினாற் போதும் என்பதே அதன் சிறப்பு.

கருவியின் வேலை மூன்று படிகளைக் கொண்டது. முதலில் உணர்கருவிகள் தரும் உஷ்ணநிலை, அழுத்தம், நீர்மட்டம் முதலியவற்றைப் படிக்கிறது. அடுத்து, தன் நினைவிலுள்ள கட்டளைத் தொடரின்படி முடிவு காண்கிறது. மூன்றாவதாக, மோட்டாருக்கும் வால்வுக்கும் ஆணை விடுக்கிறது. இச்சுற்று சில மில்லிவிநாடிகளில் முடிந்து, மீண்டும் தொடங்கி, ஓயாது நடைபெறுகிறது.

கம்பியை மாற்றுவதற்கு ஆட்களும் நேரமும் வேண்டும். அது பலர் கண்ணிலும் படும். கட்டளையை மாற்றுவதற்கோ ஒரு லேப்டாப்பும் சில நிமிடங்களும் போதும்; வெளியே எந்த அடையாளமும் தெரியாது. இக்கருவியின் நன்மை எதுவோ அதுவே அதன் அபாயமும் ஆயிற்று.

மாங்கூழ் ஆலையில் ஓர் எண் மாறினால்

சித்தூர் வட்டாரம் மாங்கூழுக்குப் பெயர்பெற்றது. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என வழங்கும் தோத்தாபுரி மாம்பழமே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பழுத்த கனிகளைக் கழுவி, கொட்டை நீக்கி, கூழாக்கி, சல்லடையிற் செலுத்திய பின், குழாய்கள் வழியே பாயும்போதே அக்கூழைக் கொதிநிலைக்கு அண்மையான உஷ்ணத்திற்குக் கொண்டுவருவர். அவ்வுஷ்ணத்தில் குறிப்பிட்ட விநாடிகள் தங்கும்படி ஒரு நீண்ட குழாயிற் செலுத்தி, பிறகு குளிர்வித்து, கிருமி நீக்கிய பைகளில் காற்றுப் புகாமல் நிரப்புவர்.

தங்கும் குழாயின் இறுதியில் ஓர் உஷ்ண உணர்கருவி உண்டு. அங்கே கூழின் உஷ்ணநிலை விதித்த அளவிற்குக் குறைந்தால், கட்டுப்பாட்டுக் கருவி ஒரு திருப்பு வால்வை இயக்கி அக்கூழை மீண்டும் சூடாக்க அனுப்பிவிடும். பையினுள் சேரும் கூழ் கெடாதிருப்பதற்கு இவ்வொரு விதியே பெருங்காவலாகும்.

இவ்விதியிலுள்ள எண்ணை எவரேனும் ஒருவர் சில டிகிரி குறைத்துவிட்டதாகக் கொள்வோம். தீய எண்ணத்துடன் செய்திருக்கலாம். அல்லது கூழ் அடிக்கடி திரும்பிச் செல்வதால் வேலை தாமதமாகிறது என்று எண்ணி, ஒரு பணியாளர் தாமாகவே செய்திருக்கலாம். இரண்டிலும் விளைவு ஒன்றே. மோட்டார் நிற்காது, அபாயமணி ஒலிக்காது, கூழின் நிறமும் மணமும் அன்று மாறுபடா. நாட்கள் பல கழிந்து, கிடங்கிலுள்ள பைகள் உப்பத் தொடங்கும்போதுதான் தவறு வெளிப்படும். அதற்குள் சில வாரங்களே நீடிக்கும் மாம்பழப் பருவம் முடிந்திருக்கும். சரக்கைத் திருப்பி அனுப்பும் வியாபாரி, நஷ்டமுறும் ஆலை, அடுத்த ஆண்டு பழத்துக்கு விலை கிடைக்காத விவசாயி, கெட்ட உணவை உண்ண நேரும் குழந்தை எனத் துன்பம் பலரையும் தொடரும்.

இவ்வுதாரணம் முக்கியமான ஒரு பாகுபாட்டையும் கற்பிக்கிறது. கட்டுப்பாட்டு மென்பொருளில் மூன்றினை மாற்ற இயலும். முதலாவது, விதித்த அளவு. உதாரணமாக உஷ்ணநிலை, வேகம், மட்டம். இரண்டாவது, கட்டளையின் தர்க்கம். “குறைந்தால் திருப்புக” என்பதையே நீக்கிவிடுதல் இதன்பாற்படும். மூன்றாவது, காட்சித் திரையில் தோன்றும் செய்தி. உள்ளே ஒன்று நிகழ, திரை வேறொன்றைக் காட்டுமாறு செய்தல். இம்மூன்றில் கடைசியானதே மிகக் கொடியது. ஏனெனில், அது கண்காணிப்பவரின் கண்ணையே கட்டிவிடுகிறது.

நடந்தவை கற்பிக்கும் பாடங்கள்

மூன்றாம் வகை மாற்றத்திற்கு ஆந்திர மாநிலத்திலேயே சான்று உண்டு. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில், தெலங்கானாவிலும் ஆந்திரத்திலும் உள்ள சில பெட்ரோல் நிலையங்களின் அளவுக் கருவிகளில் மாற்றுச் சில்லுகள் பொருத்தப்பட்டிருந்ததைச் சைபராபாத் காவல்துறையினரும் எடையளவு இலாகாவினரும் கண்டுபிடித்தனர். திரை 1,000 மில்லிலிட்டர் எனக் காட்டியபோது, வெளிவந்தது ஏறத்தாழ 970 மில்லிலிட்டரே என்று அறிவிக்கப்பட்டது. இதற்கு முன்னர் 2017 ஏப்ரலில், உத்தரப் பிரதேசத்து லக்னோவில் பிடிபட்ட சில்லுகளோ தூர இயக்கி மூலம் வேண்டும்போது இயக்கவும் நிறுத்தவும் கூடியவையாயிருந்தன. சோதனையாளர் வரும் வேளையில் மட்டும் கருவியை நேர்மையாக நடந்துகொள்ளச் செய்ய இது வழிவகுத்தது.

இக்களவைத் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. ஆயின் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலம் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். 5 லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரையே வேறுபாடு அனுமதிக்கப்படுகிறது; லிட்டருக்கு 30 வீதம் குறைந்தால் 5 லிட்டருக்கு 150 மில்லிலிட்டர் குறையும். அக்கலத்தின் மதிப்பு எதில் உள்ளது? அது இயந்திரத்தின் பகுதியன்று. இயந்திரத்தின் சொல்லை அது கேட்பதில்லை. இக்கட்டுரையின் மையக்கருத்தும் இதுவே: மென்பொருளுக்குக் காவலாக இருப்பவற்றுள் ஒரு பகுதியேனும் அம்மென்பொருளுக்கு வெளியே இருத்தல் வேண்டும்.

வெளிநாடுகளில் நேர்ந்த நான்கு நிகழ்ச்சிகள் இக்கருத்தை மேலும் விளக்கும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மரூச்சி என்ற பகுதியின் கழிவுநீர் அமைப்பு 142 இறைப்பு நிலையங்களைக் கொண்டது. அவை ரேடியோ மூலம் ஆணை பெற்றுவந்தன. 2000-ஆம் ஆண்டின் முற்பகுதியில் பம்புகள் காரணமின்றி நின்றன. அபாய அறிவிப்புகள் வந்துசேரவில்லை. சுமார் 8 இலட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. அவ்வமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவரே தம் வாகனத்திலிருந்து ரேடியோவும் லேப்டாப்பும் கொண்டு ஆணைகளை அனுப்பினார் என்பது பின்னர் தெரியவந்தது. 2001-இல் அவர் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். வேலையினின்று விலகியவரின் அனுமதியை அன்றே நீக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

2010-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சு மென்பொருள், ஈரான் நாட்டு நத்தன்ஸ் நகரில் யுரேனியத்தைப் பிரிக்கும் சுழற்கருவிகளைக் குறியாகக் கொண்டது. இணையத்தோடு தொடர்பற்ற கணிப்பொறிகளையும் அது பென் டிரைவ் வழியாக அடைந்தது. மோட்டார்களுக்குச் செல்லும் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை 1,410 ஹெர்ட்ஸ் வரை உயர்த்தியும், 2 ஹெர்ட்ஸ் அளவிற்குத் தாழ்த்தியும் கருவிகளைச் சிதைத்தது. அவ்வேளையில் முன்னர் பதிவுசெய்த நல்ல அளவுகளையே திரும்பக் காட்டிற்று. பொறியாளர் கட்டளைத் தொடரைப் படித்துப் பார்க்க முயன்றாலும், மாற்றப்பட்ட பகுதியை மறைத்துவிட்டது. இந்நச்சு பரவிய கணிப்பொறிகள் மிகுந்திருந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. ஐயத்திற்குரிய கணிப்பொறியைக் கொண்டே கட்டளையைச் சரிபார்ப்பது பயனற்றது என்பது இதன் பாடம்.

2017-ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவின் ஓர் இரசாயன ஆலையில், ஆபத்து வேளையில் ஆலையை நிறுத்தும் பாதுகாப்புக் கருவியின் கட்டளைத் தொடரையே மாற்ற முயற்சி நடந்தது. அக்கருவியின் முகப்பில் ஒரு சாவித் துவாரம் உண்டு. சாவி “இயக்கம்” என்ற நிலையில் இருப்பின், கட்டளையை மாற்ற இயலாது. “எழுது” என்ற நிலையில் இருப்பின் மாற்றலாம். அங்கே சாவி “எழுது” நிலையிலேயே விடப்பட்டிருந்தது. தாக்கியவர்களின் முயற்சி பிழைபட்டதால் கருவி ஆலையை நிறுத்திவிட்டது, உயிர்ச்சேதம் நேரவில்லை. விலையற்ற ஒரு பழக்கம், அதாவது சாவியைத் திருப்பி எடுத்துவைக்கும் பழக்கம், எத்துணைப் பெரிய காவல் என்பதை இது காட்டுகிறது.

2023-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிகிப்பா என்னும் சிற்றூரின் குடிநீர் அழுத்த நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கருவியை அந்நியர் கைப்பற்றித் தம் செய்தியைத் திரையில் தோன்றச் செய்தனர். பணியாளர்கள் உடனே கைமுறை இயக்கத்திற்கு மாறினர். குடிநீருக்குக் கேடு நேரவில்லை. இதன்பின், அவ்வகைக் கருவிகளில் தயாரிப்பாளர் இட்டிருந்த 1111 என்ற கடவுச்சொல்லை மாற்றுமாறும், கருவியை நேரடியாக இணையத்தில் இணைக்கலாகாது என்றும் அந்நாட்டு அரசு அறிவுறுத்திற்று.

இந்நிகழ்ச்சி சிறிய நகரங்களுக்கும் உரியது. திருப்பதி நகரம் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் நீரையும் கல்யாணி அணையின் நீரையும் நம்பியுள்ளது. குடியிருப்போருடன் நாள்தோறும் வந்து சேரும் பல்லாயிரம் யாத்திரிகருக்கும் அதே நீர்தான். இத்தகைய ஊரில் ஒரு பம்பு நிலையம் அரைநாள் நின்றாலும் அதன் துன்பத்தைக் கூறவேண்டுவதில்லை. “நம் நிலையம் சிறியது, யார் நாடி வருவர்?” என்ற எண்ணம் தவறானது. தாக்குவோர் பெரும்பாலும் ஊரைத் தேடி வருவதில்லை. பூட்டப்படாத கருவியைத் தேடியே வருகின்றனர்.

காவல் முறைகள்

கீழ்க்காணும் முறைகள் சிறு ஆலைகளும் நிலையங்களும் அனுசரிக்கத்தக்கவை. இவற்றுட் பெரும்பாலானவற்றிற்குப் பணச்செலவு இல்லை; ஒழுங்கு ஒன்றே வேண்டும்.

1. கணக்கெடுப்பு. நிலையத்திலுள்ள ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கருவியையும், அதன் இடம், வகை, வேலை, எவற்றோடு இணைக்கப்பட்டுள்ளது என்பவற்றுடன் ஒரு பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். பழுது பார்க்க வந்தவர் விட்டுச்சென்ற மோடம் ஒன்று பெட்டியினுள் இருப்பது இக்கணக்கெடுப்பில்தான் பலமுறை தெரியவரும்.

2. கடவுச்சொல். தயாரிப்பாளர் இட்ட சொல்லை முதல் நாளே மாற்றுக. ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சொல் இருத்தல் வேண்டும். பலருக்கும் பொதுவான சொல் இருப்பின், மாற்றியவர் யார் என்பதை அறிய இயலாது. பார்ப்பதற்கு மட்டும் உரிமையுடையோர், அளவை மாற்ற உரிமையுடையோர், கட்டளையையே மாற்ற உரிமையுடையோர் என மூவகையாகப் பிரித்தல் நலம்.

3. சாவி. கருவியில் சாவித் துவாரம் இருப்பின் அதனை “இயக்கம்” நிலையில் வைத்துச் சாவியைப் பொறுப்பாளர் தம்மிடம் வைத்துக்கொள்க. இரும்புப் பெட்டியின் கதவும் பூட்டியிருத்தல் அவசியம்.

4. வலைப்பின்னலைப் பிரித்தல். அலுவலகக் கணிப்பொறிகளும் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஒரே வலைப்பின்னலில் இருக்கலாகாது. 2019-ஆம் ஆண்டில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வேலைக்குரிய, இணையத்தோடு இணைந்த ஒரு கணிப்பொறியில் நச்சு மென்பொருள் காணப்பட்டது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு அதனின்று பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்புறவில்லை என அணுமின் கழகம் அறிவித்தது.

5. வெளியார் இணைப்பு. கருவியை விற்ற நிறுவனத்தார் தொலைவிலிருந்து பழுது பார்க்க வேண்டுமாயின், அவ்வேளைக்கு மட்டும் இணைப்பைத் திறந்து, நிலையத்தார் ஒருவர் உடனிருந்து கவனித்து, வேலை முடிந்ததும் துண்டித்துவிட வேண்டும்.

6. பென் டிரைவும் லேப்டாப்பும். கட்டளை எழுதுவதற்கென ஒரு லேப்டாப்பை ஒதுக்கி, அதில் வேறெந்த வேலையும் செய்யாதிருத்தல் வேண்டும். படமும் பாட்டும் ஏற்றிய பென் டிரைவை அதனருகிலும் கொண்டுசெல்லலாகாது.

7. மூலப்பிரதி. சோதித்து ஒப்புக்கொள்ளப்பட்ட கட்டளைத் தொடரின் பிரதிகள் இரண்டை, வலைப்பின்னலோடு தொடர்பின்றி, வெவ்வேறு இடங்களில் பாதுகாக்க வேண்டும். மாதம் ஒருமுறையும், ஒவ்வொரு பழுதுபார்ப்பிற்குப் பின்னும், கருவியிலுள்ளதை மூலப்பிரதியுடன் ஒப்பிடுக. பருவத்தின்போது மட்டும் இயங்கும் ஆலைகள் பருவத் தொடக்கத்திற்கு முன் இதனைச் செய்தல் இன்றியமையாதது.

8. மாற்றப் பதிவேடு. எந்த மாற்றமும் காரணம், பழைய அளவு, புதிய அளவு, தேதி, செய்தவர், ஒப்புதல் அளித்தவர் என்னும் ஆறு குறிப்புகளுடன் மையால் எழுதப்பட வேண்டும். செய்தவரும் ஒப்புதல் அளித்தவரும் ஒருவராக இருக்கலாகாது. மேலே கூறிய மாங்கூழ் ஆலைப் பணியாளரைத் தடுப்பது கடவுச்சொல்லன்று, இப்பதிவேடே. “தாமதமாகிறது” என்ற அவருடைய குறையை மேலதிகாரி கேட்டறியவும், உண்மைக் காரணமான பழுதைக் களையவும் இது வழிசெய்யும்.

9. தனி அளவுமானி. முக்கியமான ஒவ்வோர் அளவிற்கும், கட்டுப்பாட்டுக் கருவியோடு தொடர்பற்ற ஓர் உஷ்ணமானியோ அழுத்தமானியோ இருத்தல் வேண்டும். ஒவ்வொரு வேலை முறையிலும் அதனைக் கண்ணாற் கண்டு, திரை காட்டும் அளவோடு ஒப்பிட்டு எழுதுக. அவசர நிறுத்தப் பொத்தானும், மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் மென்பொருளின் தயவின்றி இயங்குபவையாக இருக்கட்டும்.

10. கைமுறைப் பயிற்சி. கருவியின்றி நிலையத்தை இயக்கும் முறையைப் பணியாளர் அனைவரும் ஆண்டுக்கு இருமுறையேனும் பழகுதல் வேண்டும். அலிகிப்பாவில் உதவியது கைமுறை இயக்கமே.

பெரிய ஆலைகளுக்கு ஐ.ஈ.சி. 62443 என்ற சர்வதேசத் தர வரிசை விரிவான நெறிகளை வகுத்துள்ளது. எனினும் அதன் அடிப்படைகள் பலவும் மேற்கூறிய பத்தினுள் அடங்கும்.

ஐயம் எழும்போது செய்யத்தக்கது

திரையும் தனி அளவுமானியும் வேறுபட்டாலும், மூலப்பிரதியும் கருவியிலுள்ளதும் ஒவ்வாவிட்டாலும், முதற்கண் இயந்திரத்தை ஆபத்தற்ற நிலைக்குக் கொண்டுவருக. இயலுமாயின் கைமுறைக்கு மாறுக. அடுத்து, கருவியின் வெளித்தொடர்பைத் துண்டிக்க. அவசரப்பட்டுப் பழைய கட்டளையை அதன்மேல் எழுதிவிடலாகாது. எழுதினால் குற்றத்தின் தடயம் அழிந்துவிடும். முதலில் உள்ளதை அப்படியே பிரதி எடுத்து, திரையையும் படம் பிடித்து, நேரத்தைக் குறித்துவைக்க. அதன் பின்னரே மூலப்பிரதியை ஏற்றுக.

இத்தகைய நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள், செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணிப்பொறி அவசர நடவடிக்கைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் பிறப்பித்த உத்தரவு கூறுகிறது. தொழிற்கட்டுப்பாட்டு அமைப்புகள்மீதான தாக்குதலும் அதன் பட்டியலில் சேர்ந்துள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, 66-ஆம் பிரிவின்படி, உரிமையின்றியும் வஞ்சகமாகவும் கணிப்பொறியினுள் புகுந்து மாற்றுவது மூன்றாண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாகும். பாதுகாக்கப்பட்டதென அரசு அறிவித்த அமைப்புகளாயின் 70-ஆம் பிரிவின்படி தண்டனை பத்தாண்டு வரை செல்லும்.

தவறுதலாக மாற்றிவிட்ட பணியாளர் அதனைத் தாமே முன்வந்து கூறினால், அவரைக் கடிந்து ஒதுக்குதல் விவேகமன்று. தண்டனைக்கு அஞ்சி மறைக்கப்படும் தவறே பெருங்கேடாக வளர்கிறது.

வகுப்பறைக்கு ஒரு பாடம்

இரண்டு கட்டளைத் தொடர்கள் ஒன்றேதானா என்பதை விரைவில் அறிவது எங்ஙனம்? ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்ணால் ஒப்பிடுவது கடினம். அதற்கென ஓர் “அடையாள எண்” கணக்கிடப்படுகிறது. ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையிலேயே விளக்கலாம்.

ஓர் இயந்திரத்தின் நான்கு அளவுகள் முறையே 94, 30, 12, 75 எனக் கொள்க. இவற்றின் கூட்டுத்தொகை 211. இதனை அடையாள எண்ணாகக் குறித்துவைக்க. ஒருவர் 94 என்பதை 91 ஆக்கினால் தொகை 208 ஆகும், மாற்றம் வெளிப்படும். ஆனால் அவர் 30 என்பதையும் 33 ஆக்கிவிட்டால்? தொகை மீண்டும் 211, மாற்றம் மறைந்துவிடும்.

எனவே முதல் எண்ணை 1-ஆலும், இரண்டாவதை 2-ஆலும், மூன்றாவதை 3-ஆலும், நான்காவதை 4-ஆலும் பெருக்கிக் கூட்டுக. முதலில் இருந்த அளவுகளுக்கு 94 + 60 + 36 + 300 = 490. மாற்றிய அளவுகளுக்கு 91 + 66 + 36 + 300 = 493. இம்முறை களவு அகப்பட்டுவிட்டது. ஆயினும் மாணவர்களை மேலும் சிந்திக்கச் செய்க: 92, 31, 12, 75 என்று மாற்றினால் என்ன ஆகும்? 92 + 62 + 36 + 300 = 490. களவு மீண்டும் தப்பிவிட்டது.

இவ்வாறு தப்புவதற்கு நடைமுறையில் வழியில்லாத வகையில் கணித அறிஞர் அமைத்த முறைகளுள் ஒன்றே எஸ்.எச்.ஏ.-256 என்பது. எத்துணை நீண்ட கட்டளைத் தொடராயினும் அதனை 256 இருமக் குறிகள் கொண்ட ஓர் அடையாளமாக அது சுருக்குகிறது. தொடரில் ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் முற்றிலும் மாறிவிடும்.

ஆயினும் எத்துணைச் சிறந்த அடையாள எண்ணும், அதனை எழுதிவைத்த ஏடு மாற்றுபவர் கையிலேயே இருந்தால் பயன் தராது. அவர் கட்டளையை மாற்றி, புதிய எண்ணையும் எழுதிவிடுவார். ஆகவே அவ்வேடு வேறொருவர் பொறுப்பில், பூட்டிய பேழையில் இருத்தல் வேண்டும். பெட்ரோல் நிலையத்து அளவுக் கலமும், ஆலைச் சுவரில் தொங்கும் உஷ்ணமானியும், பேழையிலுள்ள இவ்வேடும் ஒரே வேலையையே செய்கின்றன. இயந்திரம் தன்னைப் பற்றித் தானே கூறும் சாட்சியத்தை வெளியேயிருந்து சோதிப்பவை அவை.

பயிற்சி வினாக்கள்

1. கம்பியிணைப்பை மாற்றுவதைவிடக் கட்டளையை மாற்றுவது எவ்வகையில் எளிது? அவ்வெளிமை எவ்வாறு அபாயமாகிறது?

2. கட்டுப்பாட்டு மென்பொருளில் செய்யக்கூடிய மூவகை மாற்றங்களுக்கு, அருகிலுள்ள ஒரு குடிநீர் நிலையத்தையோ பால் நிலையத்தையோ கொண்டு உதாரணம் தருக.

3. 94, 30, 12, 75 என்ற அளவுகளுள் இரண்டினை மட்டும் மாற்றி, பெருக்கிக் கூட்டிய தொகை 490 ஆகவே இருக்கும்படி வேறொரு விடை காண்க.

4. கல்வி நிலையத்திலோ பணியிடத்திலோ உள்ள ஒரு தானியங்கி இயந்திரத்தைத் தெரிவுசெய்து, அதன் திரை காட்டும் அளவைத் தனிக் கருவி ஒன்றினால் ஒரு வாரம் சோதித்து அட்டவணைப்படுத்துக. வேறுபாடு காணின் காரணத்தை ஆராய்க.